ட்ரக் ஸ்லீப்பருக்குள் ரிவி: எதை வாங்குவது, எப்படிப் பிடித்துவைப்பது?

மழைப்பயணி (ஸ்காபரோ) எழுதியது:

அண்ணைமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வருடமாக ரொறன்ரோவுக்குள்ளேயே ஓடி, ஒவ்வொரு இரவும் வீட்டுக்கு வந்து படுத்தவன் நான். போன மாதம்தான் நீண்டதூரத்துக்கு மாறினேன். ஒரு கிழமை வின்னிப்பெக், மறு கிழமை டெக்சாஸ் லரேடோ. கம்பனி தந்த ட்ரக்கில் 72 அங்குல ஸ்லீப்பர் (இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள படுக்கை அறை), மேலும் கீழும் இரண்டு படுக்கை.

போன தடவை வின்னிப்பெக்கில் 36 மணிநேர ஓய்வு எடுக்க வேண்டி வந்தது. ஃபோனை நெஞ்சில் நிறுத்திப் பிடித்துப் படம் பார்த்ததில் இரண்டு நாளாகக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ரிவி ஒன்று போடுவது என்று முடிவெடுத்துவிட்டேன். 32 அங்குலம் மலிவாகப் போகிறது, அதையே வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ட்ரக் என்னுடையது இல்லை, சுவரில் துளை போட விடுவார்களா தெரியாது. பற்றரி இறங்கிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதினெட்டுச்சில்லு எழுதியது:

தம்பி, நீங்கள் ரிவியில் இருந்து தொடங்குகிறீர்கள். நான் 19 வருடமாக ஓடுகிறேன், முதல் வருடம் நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

கடையில் மலிவாகக் கிடைத்த ஒரு 22 அங்குல ரிவியை, அதன் சொந்தக் காலிலேயே அலமாரித் தட்டில் நிறுத்தி, கொக்கி வைத்த இரண்டு ரப்பர் கயிற்றால் குறுக்கே கட்டியிருந்தேன். கையால் ஆட்டிப் பார்த்தால் அசையாது. மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு விடியற்காலை நெடுஞ்சாலை 17இல், நிப்பிகனுக்குக் கிழக்கே, வளைவு முடிகிற இடத்தில் மூஸ் (பெரிய காட்டுமான்) ஒன்று நடுவீதியில் நின்றது. முழு பிறேக். ட்ரக் நின்றுவிட்டது, மூஸும் தப்பியது. ஆனால் ரப்பர் கயிறு என்றால் இழுபடும் அல்லவா? இழுபட்டு, கொக்கி கழன்று, ரிவி இரண்டு இருக்கைக்கும் நடுவால் வந்து என் வலது முழங்கையில் அடித்து டாஷில் போய் விழுந்தது. கை வீங்கியது, அவ்வளவுதான். அரை அடி இந்தப் பக்கம் வந்திருந்தால் பின்தலை. அன்றைக்கு அந்த வீதியோரத்தில் கண்ணாடித்துண்டு பொறுக்கிக்கொண்டு நின்றதை இன்றுவரை மறக்கவில்லை.

கணக்கும் சொல்கிறேன். ஒன்ராறியோவில் எங்கள் ட்ரக்குகளுக்கு வேகக் கட்டுப்பாடு மணிக்கு 105 கிலோமீற்றர். அந்த வேகத்தில் போகும் ஒரு பொருள், 43 மீற்றர் உயரத்திலிருந்து கீழே விழுகிற பொருள் தரையில் அடிக்கிற வேகத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட பதினான்காம் மாடி. ட்ரக் மோதி நின்றால் கட்டப்படாத ரிவி அந்த வேகத்தில்தான் முன்னுக்கு வரும், முன்னால் இருப்பது நீங்கள். அதனால் ஓடுவதற்கு முன் ரிவியைக் கழற்றி வைத்துவிடவேண்டும் என்பேன்.

ஆகவே முதலில் இடம், பிறகு பிராக்கெட் (ரிவியைச் சுவரில் பிடித்துவைக்கும் சட்டம், மவுண்ட் என்றும் சொல்வார்கள்), கடைசியில் ரிவி. இடம் பார்க்க நான் சொல்லும் வழி இதுதான்: 24 அங்குல ரிவி சுமார் 55 சென்ரிமீற்றர் அகலம் வரும், 32 அங்குலம் 72 வரும். அந்த இரண்டு அளவிலும் பெட்டி அட்டை வெட்டி, நினைத்த இடத்தில் ரேப்பால் ஒட்டி, ஒரு பயணம் போய் வாருங்கள். படுக்கையிலிருந்து எழும்பும்போது தலை இடிக்கிறதா, அலமாரிக் கதவு திறக்கிறதா, மேல் படுக்கை இறங்குகிறதா, எல்லாம் அட்டை சொல்லிவிடும். கென்வேர்த் டி680க்கு 76 அங்குல ஸ்லீப்பர், பீற்றர்பில்ட் 579க்கு 80 அங்குலம் என்று பெரிதாகக் கேட்கும். அது ஸ்லீப்பரின் நீளம் மட்டுமே. ரிவி மாட்டுகிற அலமாரியின் அகலம் வேறு கதை.

கொங்குநாட்டான் (பிரம்ப்டன்) எழுதியது:

அண்ணன் சொன்ன அட்டை யோசனை அருமை. நான் நாமக்கல்லில் லாரி ஓட்டிவிட்டு இங்கே வந்தவன். அங்கே கனரக வண்டியில் 24 வோல்ட், இங்கே ட்ரக்கில் 12 வோல்ட். ஊரிலிருந்து வோல்ட்டை மாற்றுகிற கன்வெர்ட்டர் எதையும் கொண்டுவந்து மாட்டப் பார்க்காதீர்கள்.

டிவி விஷயத்தில் யாரும் கவனிக்காத ஒன்று பார்க்கும் கோணம். வீட்டில் நேராக உட்கார்ந்து பார்க்கிறோம். ஸ்லீப்பரில் படுத்துக்கொண்டு, கீழேயிருந்து, பக்கவாட்டில் பார்க்கிறோம். மலிவான சின்ன டிவிகள் சிலவற்றில் டி.என். என்கிற பேனல் இருக்கும். அதைக் கீழேயிருந்து பார்த்தால் முகமெல்லாம் கறுத்து, ஃபோட்டோ நெகட்டிவ் மாதிரி ஆகிவிடும். ஐ.பி.எஸ். பேனல் என்றால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அப்படியே நிற்கும். பெட்டியில் எழுதியிருக்காவிட்டால் கடையில் குத்தவைத்து உட்கார்ந்து, கீழேயிருந்து அண்ணாந்து பாருங்கள். இருட்டான காட்சி ஓடும்போது பார்க்கவேண்டும். அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம், டிவிதான் வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? நான் வைத்திருப்பது 24 அங்குல கம்ப்யூட்டர் மானிட்டர். ஐ.பி.எஸ்., முழு எச்.டி. பின்பக்கம் 100க்கு 100 மில்லிமீட்டர் வெசா துளை, அதாவது மவுண்ட்டைத் திருகுவதற்கான நாலு துளை. 20 வாட்டுக்குப் பக்கம்தான் மின்சாரம் எடுக்கிறது. எச்.டி.எம்.ஐ. துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் குச்சி, சத்தத்துக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர். ஆன்டெனா வைத்து உள்ளூர் சேனல் பார்க்கவேண்டும் என்றால்தான் டிவி தேவை. தமிழ் படமும் கிரிக்கெட்டும் பார்க்கிற நமக்கு அந்த ஆன்டெனா பெரிதாக உதவாது. 32 அங்குலம் நாலைந்து கிலோ வரும், 24 மூன்று கிலோவுக்குள் அடங்கும். நாம் படுக்கும் தூரம் நாலைந்து அடி. 24 தாராளம்.

வயர்க்காரன் எழுதியது:

மிசிசாகாவில் ஒரு யார்டில் ட்ரக்குகளுக்கு வயரிங் வேலை செய்கிறேன். பற்றரிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

பயப்படவேண்டியது ரிவிக்கு இல்லை. நீண்டதூர ட்ரக்குகளில் பெரும்பாலும் குரூப் 31 அளவில் நான்கு பற்றரி இருக்கும், ஒன்று ஏறத்தாழ 100 ஆம்பியர்-மணி. 30 வாட் ரிவி 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் எடுக்கும். மூன்று மணிநேரப் படத்துக்கு 7.5 ஆம்பியர்-மணி. இது ஒன்றுமே இல்லை. ஆனால் ரிவியை நிறுத்திவிட்டு இன்வேர்ட்டரை (பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) நிறுத்தாமல் தூங்குகிறார்கள். பெரிய இன்வேர்ட்டர் சும்மா இருந்தாலே ஒரு ஆம்பியருக்கு மேல் குடிக்கும். குளிர்சாதனப் பெட்டி, ஹீற்றரின் விசிறி, இரண்டு ஃபோன், எல்லாம் சேர்த்து விடியும்வரை ஓடுகின்றன. அதற்கு மேலே குளிர். மைனஸ் இருபதில் பற்றரியின் தெம்பு பாதிக்குப் பக்கம் குறைந்துவிடும், அதே நேரம் எஞ்சின் ஒயில் தடித்து ஸ்டார்ட்டருக்குக் கூடுதல் பலம் தேவைப்படும். காலையில் ட்ரக் ஸ்டார்ட் ஆகாமல் போவது இதனால்தான்.

ஒரு சின்ன வோல்ட் மீற்றர் வாங்கிக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். எஞ்சின் நிறுத்திச் சில மணிநேரம் கழித்து 12.6 காட்டினால் பற்றரி நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே இறங்க விடாதீர்கள். இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும் என்று நம்பவேண்டாம், மலிவானவை 10.5 வரை உறிஞ்சிவிட்டுத்தான் நிற்கும். அந்த அளவில் ஸ்டார்ட்டர் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் போடும். கலிபோர்னியா போகிறவர்கள் இன்னும் கவனம், அங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் ட்ரக் நின்றபடி எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டுப் பற்றரி ஏற்றமுடியாது.

ரிவியின் பவர் அடப்டரைப் புரட்டிப் பாருங்கள். 12 வோல்ட் என்றோ 19 வோல்ட் என்றோ எழுதியிருந்தால் இன்வேர்ட்டரே தேவையில்லை. ஆனால் 12 வோல்ட் ரிவியை ட்ரக்கின் வயரில் நேராகக் கொழுவக் கூடாது. எஞ்சின் ஓடும்போது அங்கே 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஸ்டார்ட் பண்ணும் நொடியில் 10க்குக் கீழே விழும். வீட்டுக்கென்று செய்த ரிவி இரண்டையும் தாங்காது. எப்போதும் ஒரே 12ஐக் கொடுக்கும் கன்வேர்ட்டர் ஒன்று நடுவில் இருக்கவேண்டும். 19 வோல்ட் என்றால் மடிகணினிக்கு வருகிற கார் சார்ஜர் மாதிரியானது போதும், வாட் அளவையும் முனையையும் ஒப்பிட்டு வாங்குங்கள். எதுவானாலும் ஸ்டார்ட் பண்ணும் முன் ரிவியை நிறுத்திவிடுங்கள். புதிதாக வயர் இழுத்தால் ஃபியூஸ் பற்றரிப் பக்கத்தில் இருக்கவேண்டும். மெத்தைச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் வயர் போகக்கூடாது. மெத்தை அசைந்து அசைந்து தோல் உரிந்து, கருகிய வயரை நான் கையால் எடுத்திருக்கிறேன்.

மழைப்பயணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 32ஐ விட்டுவிட்டேன். கம்பனியில் கேட்டேன், வெளித்தகட்டைத் தொடுகிற துளை எதுவும் போடக்கூடாது, அலமாரிப் பலகையில் திருகலாம் என்று எழுதியே தந்தார்கள். அலமாரிப் பலகை தாங்குமா? நீண்ட கை உள்ள மவுண்ட் என்றால் இரண்டு படுக்கைக்கும் திருப்பலாம் என்று பார்க்கிறேன். ஐ.பி.எல். வருகிற நேரத்துக்குள் முடித்துவிட ஆசை. அங்கே இரவு 7:30 ஆட்டம் எங்களுக்குக் காலை 10 மணி, இரவு ஓடிவிட்டு நான் படுக்கப்போகும் நேரம்.

இரட்டைச்சாரதி எழுதியது:

தம்பி, நானும் என் கணவரும் ஒரே ட்ரக்கில் மாறி மாறி ஓட்டுகிறோம். ஒருவர் ஓட்ட மற்றவர் பின்னால் படுத்திருப்போம். அதனால் எங்களுக்கு ரிவி என்பது ஓடுகிற ட்ரக்குக்குள் ஓடுகிற ரிவி. இதுவரை யாரும் சட்டம் பற்றிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்க மத்திய விதி 393.88 சொல்வது: ரிவித் திரை சாரதி இருக்கையின் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும், ஓட்டும்போது சாரதியின் கண்ணில் படக்கூடாது, இருக்கையை விட்டு எழாமல் அதை இயக்க முடியக்கூடாது. ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 78ஆம் பிரிவும் சாரதிக்குத் திரை தெரியக்கூடாது என்கிறது. பின்னால்தானே இருக்கிறது, சரி என்று நாங்களும் நினைத்தோம். ஓர் இரவு நான் ஓட்டும்போது முன்கண்ணாடியில் நீலமும் வெள்ளையுமாக ஏதோ துடித்தது. பொலிஸ் விளக்கு என்று நினைத்து வேகத்தைக் குறைத்துவிட்டேன். பார்த்தால் ரிவியின் வெளிச்சம், திரைச்சீலை நாலு விரல் திறந்திருந்தது. அன்றிலிருந்து சீலையின் ஓரத்தில் வெல்குரோ தைத்து மூடுகிறோம், திரையின் வெளிச்சத்தையும் அடிமட்டத்தில் வைக்கிறோம். சத்தத்துக்குக் காதுக்கருவி மட்டும். ஓட்டுகிறவருக்கு எஞ்சின் சத்தமும் ரயர் சத்தமும் கேட்கவேண்டும், வசனம் கேட்கக்கூடாது.

நீண்ட கை வேண்டாம். படுக்கையிலிருந்து இறங்கும் வழியில் அது நீட்டிக்கொண்டு நிற்கும். புகை வந்தால் இருட்டில் எழும்பி ஓடவேண்டிய வழி அதுதான். ஓடுகிற ட்ரக்கில் படுக்கிறவர் படுக்கையின் தடுப்பு வலையையும் பட்டியையும் போட்டே படுக்கவேண்டும், கை நீட்டி ரிவியைத் திருப்ப ஆசைப்பட்டு அதைக் கழற்றாதீர்கள். ஓடும்போது பார்க்க நாங்கள் இப்போது சின்ன ரப்லெற்தான் பாவிக்கிறோம். பெரிய திரை ட்ரக் நின்ற பிறகு.

தெற்குவீதி எழுதியது:

நான் ஆறு வருடமாக ரிவியைக் கழற்றாமலே ஓடுகிறேன். ஒன்றும் ஆனதில்லை. ஒவ்வொரு நாளும் கழற்றி மாட்டினால் அந்தத் துளைகள்தான் தேய்ந்து முதலில் கெடும். நல்ல பிராக்கெட் ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக ஓடுங்கள். எல்லாவற்றையும் பயமுறுத்தினால் புதிய பிள்ளைகள் ஒன்றும் செய்யமாட்டார்கள்.

பதினெட்டுச்சில்லு எழுதியது:

தெற்குவீதி, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். தினமும் திருகைக் கழற்றினால் கெடும், உண்மை. ரிவியின் பின்னால் திருகு போகிற இடம் பிளாஸ்டிக்குக்குள் பதித்த சின்னப் பித்தளைக் குழல், அவ்வளவுதான். ஆனால் பிராக்கெட் எவ்வளவு நல்லது என்றாலும் ரிவியைத் தாங்கி நிற்பது அந்த நாலு குழல்களே. ஆறு வருடம் உங்களுக்கு மூஸ் வரவில்லை, அதற்கு நான் சந்தோஷப்படுகிறேன்.

நடுவழி ஒன்று இருக்கிறது. உள்ளேயே தங்கிப் பயணம் போகிற பொழுதுபோக்கு வான்களுக்கென்று (ஆர்.வி.), பூட்டும் ஊசி (‘பின்’) உள்ள மவுண்ட் விற்கிறார்கள். ரிவியில் ஒரு தகடு நிரந்தரமாக இருக்கும், சுவரில் ஒரு தகடு. அந்த ஊசியை இழுத்தால் ரிவி தகட்டோடு கழன்று கையில் வரும், திருகைத் தொடவே தேவையில்லை. ஓடுவதற்கு முன் கழற்றி, திரைப் பக்கத்தைக் கம்பளியில் சுற்றி, கீழ்ப்படுக்கைக்கு அடியிலுள்ள பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவேன். மெத்தை மேல் போடுவது வேண்டாம், அது கட்டாததுக்குச் சமம்.

தம்பியின் பலகைக் கேள்வி: பலகையில் மரத்திருகு அடித்தால் ஒரு குளிர்காலம்தான். அதிர்ந்து அதிர்ந்து துளை பெருத்துவிடும். பலகையின் மறுபக்கம் ஒரு அலுமினியத் தகடு வைத்து, போல்ட் விட்டு, கழராத நட் போட்டு இறுக்குங்கள். கை நீளக் கூடாது என்பதற்கு அக்கா சொன்னது ஒரு காரணம். இன்னொன்று, மூன்று கிலோ ரிவி சுவரிலிருந்து எட்டு சென்ரிமீற்றரில் தொங்குவதும் நாற்பதில் தொங்குவதும் ஒன்றல்ல, ஐந்து மடங்கு நெம்பும். பள்ளத்தில் விழும்போது அதற்கும் மேலே.

கொங்குநாட்டான் எழுதியது:

குளிர் பற்றி ஒரு வார்த்தை. வடக்கே எஞ்சினை நிறுத்திவிட்டு ஹீட்டரும் போடாமல் வண்டியை யார்டில் விட்டு வீட்டுக்குப் போனால், திரும்பி வந்ததும் டிவியைப் போடாதீர்கள். திரையில் படம் இழுத்துக்கொண்டு நகரும், அது குளிரில் திரவப் படிகம் மந்தமாவது, சூடானதும் சரியாகிவிடும். ஆபத்து அதன் பிறகு. கேபின் சூடாகும்போது குளிர்ந்த டிவிக்குள் ஈரம் படியும், கண்ணாடியில் மூச்சு விட்டது போல. ஒரு மணிநேரம், முடிந்தால் இரண்டு மணிநேரம் பொறுத்துப் போடுங்கள். லரேடோ பக்கம் கோடையில் இதற்கு எதிர். ஒட்டும் பட்டை, இரட்டைப்பக்க டேப் எல்லாம் வெயிலில் இளகி வழுக்கிவிடும். அதை நம்பி எதையும் தொங்கவிட வேண்டாம்.

ட்ரக் ஸ்டாப் வைஃபையில் நேரலை பார்ப்பது சிரமம், ராத்திரி எல்லோரும் இழுப்பார்கள். படங்களை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். எல்லை தாண்டினால் சில செயலிகளில் பட்டியலே மாறிவிடும்.

மழைப்பயணி எழுதியது:

மூன்று கிழமை கழித்து வருகிறேன். சொன்னபடி முதலில் அட்டையை ஒட்டிக்கொண்டு லரேடோ போய் வந்தேன். 32 அங்குல அட்டை மிசிசாகாவிலேயே தோற்றுவிட்டது, சட்டை அலமாரியின் கதவு பாதிதான் திறந்தது. 24 அட்டை பயணி இருக்கைக்குப் பின்னாலுள்ள அலமாரியில் சரியாக உட்கார்ந்தது. கீழ்ப்படுக்கையில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தால் கண்ணுக்கு நேரே வருகிறது.

கொங்கு அண்ணா சொன்னதுபோல ஐ.பி.எஸ். மானிட்டர் வாங்கினேன். அடப்டரில் 19 வோல்ட் என்று இருந்தது, மடிகணினிக் கார் சார்ஜர் ஒன்றால் ஓடுகிறது. இன்வேர்ட்டர் நிறுத்தியபடியே இருக்கிறது. ஊசிப் பூட்டு மவுண்ட், பலகைக்கு உள்ளே அலுமினியத் தகடு, நாலு போல்ட். வெசாத் திருகு எம்4. பெட்டியில் வந்த திருகு நீளமாக இருந்தது. அதை முழுக்க இறுக்கினால் மானிட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையைக் குத்தும் என்று கையேட்டில் பார்த்துக் குறுகியதை வாங்கிப் போட்டேன். திருகு கழராமல் இருக்க நீலப் பசை ஒரு துளி.

வின்னிப்பெக் போகும்போது ஒரு பரிசோதனை செய்தேன். வாவாவிலிருந்து தண்டர் பே வரை மானிட்டரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, சுவர்த்தகட்டை மட்டும் விட்டேன். போல்ட் தலைகளில் வெள்ளை மார்க்கரால் கோடு போட்டிருந்தேன். தண்டர் பேயில் டோர்ச் அடித்துப் பார்த்தால் நாலில் ஒன்றின் கோடு கொஞ்சம் விலகியிருந்தது. அது நட் சரியாக இறுகாதது, மறுபடி இறுக்கினேன். திரும்பி வரும்போது அசையவில்லை. படம் ஓடும்போது எஞ்சின் ஐடிலில் மானிட்டரின் கீழ்விளிம்பு அதிர்ந்து சத்தம் போட்டது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற சாம்பல் நிறப் பஞ்சில் இரண்டு துண்டு வெட்டிப் பின்னால் வைத்தேன், சத்தம் நின்றுவிட்டது.

இரவு ஒன்பது மணிக்கு 12.6, படம் முடிந்து படுக்கும்போது 12.5, காலையில் 12.4. ஹீற்றர் இரவு முழுக்க ஓடியது.

24 அங்குல அட்டை இன்னும் என் ட்ரக்கில் இருக்கிறது. ஸ்காபரோ பக்கம் யாராவது புதிதாக ரிவி போட யோசித்தால் தனிமடல் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் யார்டில் இருப்பேன், வந்து எடுத்துப் போகலாம்.